பித்தளைக் கூட்டில் படியும் கரி

சுட்டு முடித்த தோட்டாக் கூட்டின் வெளிப்புறம் கறுத்திருந்தால், வெடித்த வாயுவில் ஒரு பகுதி குண்டைத் தள்ளாமல் கூட்டுக்கும் துப்பாக்கி அறைச் சுவருக்கும் நடுவே பின்னோக்கிக் கசிந்திருக்கிறது என்று பொருள். 19ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கித் தொழிலின் பெரும் தலைவலி இந்தக் கசிவுதான்.

பின்புறமாகத் தோட்டா நுழைக்கும் டிரைசே ஊசித் துப்பாக்கியை 1841இல் பிரஷ்யா ஏற்றுக்கொண்டது. காகிதத் தோட்டாவால் வாயுவைத் தடுக்க முடியவில்லை. பூட்டின் இடுக்கு வழியே நெருப்பும் புகையும் முகத்தில் அடித்ததால், சிப்பாய்கள் சிலர் அதை இடுப்பருகே பிடித்தே சுட்டார்கள். 1866இல் பிரான்ஸ் கொண்டுவந்த சாஸ்போ துப்பாக்கியில் ரப்பர் வளையம் இடுக்கை அடைத்தது. சூட்டில் ரப்பர் விரைவில் கெட்டது.

நிலையான தீர்வு உலோகக் கூட்டால் வந்தது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை இதற்கென்றே அமைந்தது போன்றது. அழுத்தம் ஏறியதும் கூட்டின் மெல்லிய வாய் விரிந்து சுவரோடு ஒட்டுகிறது. தணிந்ததும் சற்றே சுருங்கிக் கழன்று வருகிறது. பிரிட்டனின் வுல்விச்சில் கர்னல் பாக்சர் ஸ்னைடர் துப்பாக்கிக்காக உருவாக்கிய கூடு, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. அதே முறைக் கூடுகள் 1885 சூடான் போரில் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளில் கிழிந்து சிக்கிக்கொண்டன. உயிர்களைப் பலிகொண்ட அந்தக் குறைக்குப் பிறகே ஒரே துண்டாக இழுத்து உருவாக்கிய கூட்டுக்கு பிரிட்டன் மாறியது.

கருமருந்துக் காலத்தில் எரிந்த மருந்தில் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சியது. எல்லாமே கறுத்திருந்ததால் கூட்டின் கரியைத் தனியே பார்த்து எதையும் ஊகிப்பது கடினம். 1884இல் பால் வியேய் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்த பின்னரே அந்தக் கறை ஒரு தெளிவான அறிகுறியானது.

கைத்துப்பாக்கியில் இதற்குச் சரியான சான்று 1873இன் 45 கோல்ட் தோட்டா. சுமார் 40 கிரெய்ன் கருமருந்துக்காக அளவெடுத்த அகலமான கூடு அது. அதில் புகையற்ற மருந்தைக் கொஞ்சமாக இட்டால் அழுத்தம் போதாது; வாய் முழுதாக விரியாமல் கூட்டின் பக்கவாட்டில் கரி ஏறும். காலிக் கூடுகளைத் திரும்ப நிரப்பும் வழக்கம் இன்னொரு காரணத்தையும் சேர்த்தது. ஒவ்வொரு முறை அளவுக்கு இறுக்கும்போதும் பித்தளை கடினமாகி, விரியும் தன்மையை இழக்கிறது. குண்டைப் பிடிக்கும் வாய்மடிப்பு தளர்ந்திருந்தாலும் மருந்து மந்தமாக எரிந்து இதே விளைவைத் தரும். மருந்தைக் கூட்டுவது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. தயாரிப்பாளர் அச்சிட்ட அட்டவணையின் உச்ச அளவுக்குள் மட்டுமே அதைச் செய்யலாம். வாயோரத்தில் மட்டும் படிந்த மெல்லிய கறை வழக்கமானது. அடிவிளிம்பு வரை கரி ஓடியிருந்தால்தான் கூடு சரியாக அடைக்கவில்லை என்று கொள்ள வேண்டும்.