அம்பாசிடருக்கு ஏன் 20டபிள்யூ-40?

கூத்தாநல்லூரில் பழைய அம்பாசிடர் வச்சிருக்கிற நண்பர் கேட்டார்: "புது காருக்கு ஊத்துற 5டபிள்யூ-30 ஆயிலை இதுக்கும் ஊத்தலாமா?" பதிலுக்குக் கொஞ்சம் வரலாறு வேணும்.

அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. அமைப்பு 1911-லேயே ஆயிலைக் கெட்டித்தன்மை வாரியாகப் பிரித்தது. பிறகு சேர்ந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிப்பது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் சோதிப்பார்கள். 20டபிள்யூவை மைனஸ் 15-ல். மார்கழிக் குளிர் எவ்வளவு அடிச்சாலும் டெல்டாவுக்கு 20டபிள்யூவே அதிகம். நாம பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை. 100 டிகிரி சூட்டில் 30-க்கு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ், 40-க்கு 12.5 முதல் 16.3.

அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜின் பிரிட்டிஷ் பி.எம்.சி. வடிவமைப்பு. பேரிங் இடைவெளி அன்றைய கெட்டி ஆயிலுக்கு ஏற்றது. தேயத் தேய இன்னும் அகலும். மெல்லிய ஆயில் அதில் சீக்கிரம் வழிந்துவிடும். வண்டி சூடாகி ஐடிலிங்கில் நிற்கும்போது பிரஷர் இறங்கும்.

இன்னொரு விஷயம் டாப்பெட். கேம் மேல் உரசியே ஓடுவது அது. அந்தத் தேய்மானத்தைத் தடுப்பது ஆயிலில் கலந்த ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்மம். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காக்க, 2004-ல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரம் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கியது. 20டபிள்யூ-40-க்கு அந்த வரம்பு இல்லை.

ஆக, இந்த என்ஜினுக்கு 20டபிள்யூ-40. பின்னாளில் வந்த இசுசு என்ஜின் வண்டிகளுக்குக் கணக்கு வேறு, கையேட்டைப் பாருங்க. பிரஷர் குறைஞ்சா 20டபிள்யூ-50 போட்டுப் பார்க்கலாம். அப்பவும் ஏறலைன்னா டின்னை மாத்திப் பிரயோஜனமில்லை, பேரிங்கைத்தான் பார்க்கணும்.