ஹில்டே பாக் கல்வி நிதி

கென்யாவில் ஏழைப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளிக் கட்டணத்தை ஏற்கும் அறக்கட்டளை. 2001இல் மனித உரிமை வழக்கறிஞர் கிறிஸ் ம்பூரு தொடங்கினார்.

1970களில் மிடஹாட்டோ கிராமத்துச் சிறுவனான ம்பூருவின் படிப்புச் செலவுக்கு, முன்பின் பார்த்திராத ஸ்வீடன் ஆசிரியை ஹில்டே பாக் (1922–2021) பணம் அனுப்பிவந்தார். ஒரு பருவத்துக்குச் சுமார் 15 டாலர்தான். அந்தச் சிறுவன் நைரோபி பல்கலைக்கழகத்திலும் ஹார்வர்டிலும் சட்டம் படித்து, ஐ.நா.வில் பணியாற்றினார். நிதிக்குப் பாக்கின் பெயரைச் சூட்டியபோதும் ம்பூரு அவரை நேரில் கண்டதில்லை. ஸ்வீடன் தூதர் உதவியால்தான் ஆள் கிடைத்தார். பணக்காரச் சீமாட்டி என்று எண்ணியிருந்தவருக்குத் தெரியவந்ததோ வேறு: எளிய மழலையர் பள்ளி ஆசிரியை, ஜெர்மனியில் யூதச் சிறுமி என்பதால் பள்ளி மறுக்கப்பட்டு ஸ்வீடனுக்குத் தப்பியவர், பெற்றோரை நாஜி முகாம்களில் பறிகொடுத்தவர்.

கென்யாவில் 2003 முதல் தொடக்கக் கல்வி இலவசம். உயர்நிலையில்தான் சிக்கல்: கட்டணம் பாக்கி என்றால் பாதி வகுப்பிலேயே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எட்டாம் வகுப்புத் தேர்வில் 500க்கு எடுக்கும் மதிப்பெண்ணைப் பார்த்தே நிதி ஆளைத் தேர்ந்தது. கைவிளக்கொளியில் படிக்கும் பிள்ளைக்கு இது கடுமையான அளவுகோலாகத்தான் இருந்தது. ஜெனிஃபர் அர்னால்டின் ‘எ ஸ்மால் ஆக்ட்’ (2010) ஆவணப்படம், அந்தத் தேர்வெழுதும் மூன்று பிள்ளைகளைப் பின்தொடர்கிறது.