ஒன்றரைப் பீப்பாய்

ஜொகூரில் இருக்கும் என் நண்பன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை உண்டு. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, இரண்டு பழைய சைக்கிள், தூக்கிப்போட மனசில்லாமல் அவன் அப்பா வைத்திருக்கும் ஒரு மீன் தொட்டி. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது கதவைத் திறந்துகாட்டி, "மச்சான், இங்கயே பீர் காய்ச்சி வித்தா என்னடா?" என்றான்.

நான் சிங்கப்பூரில் வீவக வீட்டுச் சமையலறையில் அவ்வப்போது இருபது லிட்டர் காய்ச்சுகிறவன். இங்கே ஒரு குடும்பம் மாதத்துக்கு 30 லிட்டர் வரை சொந்தக் குடிக்குக் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கக் கூடாது, வடித்தெடுக்கக் கூடாது. அவன் பக்கம் அதுவும் இல்லை. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். "மொதல்ல லைசன்ஸ பாரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி விடவில்லை. சட்டம் ஒத்துக்கொண்டது என்றே வைப்போம், ஒரு கொட்டகையில் பீர் காய்ச்சிப் பிழைக்க முடியுமா? தேடப்போனபோது ஜாக் மெக்காலிஃப் என்ற அமெரிக்கரிடம் வந்து நின்றேன். இந்தக் கேள்விக்குத் தன் கைக்காசையும் ஆறு வருடத்தையும் கொடுத்து விடை கண்டுபிடித்த ஆள் அவர்.

அதற்கு முன் ஒரு விஷயம். இந்த நாடுகளில் தமிழில் மதுவைப் பற்றி எழுதினால் கண்முன் வருவது தோட்டத்துக் கள்ளுக்கடைதான். என் தாத்தாவின் சம்பளத்தில் எவ்வளவு அங்கே போனது என்று பாட்டி கடைசிவரை கணக்கு வைத்திருந்தார். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டவற்றில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். குடியின் பெருமை பேசுவது என் நோக்கமில்லை. தெரிந்த ஒரு வேலையைத் தொழிலாக மாற்றப்போன ஒருவரின் கதை இது. அவர் பாத்திரத்தில் பீர் இருந்தது, அவ்வளவுதான்.

மெக்காலிஃப் அமெரிக்கக் கடற்படையில் மின்னணுத் தொழில்நுட்பராக இருந்தவர். 1960களில் ஸ்காட்லாந்தின் ஹோலி லாக் தளத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களின் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை. அங்குள்ள பப்களில் கிடைத்த ஏல் வகைப் பீர் அவருக்குப் பிடித்துப்போனது. பழுப்பு நிறம், கசப்பு, கனம். அப்போது அமெரிக்காவில் கிடைத்தது பெரிய கம்பெனிகளின் வெளிறிய லாகர்தான். ஊருக்குத் திரும்பினால் இது கிடைக்காது, தானே காய்ச்சினால்தான் உண்டு என்பது அவருக்குப் புரிந்தது. அப்போது பிரிட்டனில் வீட்டில் காய்ச்சுவதற்கான சாமான்களை மருந்துக் கடையிலேயே வாங்க முடிந்தது. வாங்கினார், அங்கேயே பழகிக்கொண்டார். ஊர் திரும்பிப் படித்து, கலிஃபோர்னியாவில் பொறியாளராக வேலைக்குப் போனார். மனசு வேலையில் இல்லை.

1976 அக்டோபரில், சோனோமா என்ற திராட்சைத் தோட்ட ஊரில், சூசி ஸ்டெர்ன், ஜேன் சிம்மர்மேன் என்ற இரண்டு பெண்களோடு சேர்ந்து நியூ ஆல்பியன் புரூயிங் கம்பெனியைப் பதிவு செய்தார். 1579இல் கலிஃபோர்னியாக் கரையில் இறங்கிய பிரான்சிஸ் டிரேக் அந்த மண்ணுக்கு வைத்த பெயர் அது. இடம், ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் வாடகைக்கு எடுத்த தகரக் கிடங்கு. என் நண்பனின் கொட்டகைக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எனக்குள் இருக்கும் பொறியாளன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அமெரிக்காவில் அப்போது நூறுக்கும் குறைவான பீர் ஆலைகளே மிச்சம். எல்லாம் ராட்சதங்கள், கருவி செய்கிறவர்களும் ராட்சதங்களுக்கே செய்தார்கள். சின்ன ஆலைக்கான தொட்டி என்று ஒன்று சந்தையிலேயே கிடையாது. கொக்கோகோலா சிரப் வந்த 55 கேலன் எஃகு டிரம்களை மெக்காலிஃப் வாங்கி, வெட்டி, வெல்டிங் வைத்துத் தானே தொட்டிகளாக்கினார். தண்ணீரை மேலே வைத்து, மாவை ஊறவைக்கும் தொட்டி, கொதிக்கவைக்கும் அண்டா, புளிக்கவைக்கும் டிரம் என்று ஒன்றுக்குக் கீழே ஒன்றாக அமைத்தார். புவியீர்ப்பே பம்பு. நான் சமையலறை அலமாரி மேல் வாளியை ஏற்றிவைத்துக் குழாய் விடுவதும் இதே தத்துவம்தான். அம்மா மட்டும், "அது தலையில விழுந்தா தெரியும்" என்பார்.

ஒரு தடவைக்கு ஒன்றரைப் பீப்பாய் வந்தது. அமெரிக்கப் பீப்பாய் என்பது 31 கேலன். ஆக ஏறத்தாழ 46 கேலன், 175 லிட்டர் சொச்சம்.

சரக்கு நன்றாகவே இருந்தது. ஏல், போர்ட்டர், ஸ்டவுட் என மூன்று வகை. பீர் பாட்டிலுக்குள்ளேயே மறுபடி புளித்து நுரை கட்டும் பழைய முறை. அது சுலபமில்லை. தென்னங்கள்ளை இறக்கினால் போதும், காற்றில் இருக்கும் ஈஸ்ட்டே வந்து வேலையைத் தொடங்கிவிடும். அன்றைக்கே விற்காவிட்டால் கெட்டுவிடும் என்பதுதான் அங்கே கஷ்டம். பீரில் கதை தலைகீழ். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆறவைத்து, நாம் தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டை மட்டும் உள்ளே விட வேண்டும். அழையா விருந்தாளியாக ஒரு பாக்டீரியா நுழைந்தாலும் மொத்த டிரம்மும் சாக்கடைக்குத்தான். பீர் காய்ச்சுவது என்பதில் முக்கால்வாசி கழுவுவது. மெக்காலிஃப் டேவிஸ் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய நூல்களைத் தேடிப் படித்தார். அங்கே பீர் வடிப்பியல் கற்பித்த மைக்கேல் லூயிஸ் உதவினார். அங்கிருந்து டான் பார்க்லி என்ற மாணவர் வேலைக்கும் வந்து சேர்ந்தார்.

அந்தக் காலச் சட்டத்தில் ஒரு வேடிக்கையும் இருந்தது. மதுவிலக்கு 1933இல் நீங்கியபோது வீட்டில் வைன் செய்துகொள்ள அனுமதி வந்தது, பீர் விட்டுப்போயிற்று. அதனால் 1976இல் அமெரிக்காவில் உரிமம் எடுத்து விற்பதற்குக் காய்ச்சலாம், தன் வீட்டில் தான் குடிக்கக் காய்ச்சினால் குற்றம். 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டு, 1979 பிப்ரவரியில்தான் அது மாறியது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 200 கேலன் வரை அனுமதி.

இப்போது என் கணக்குக்கு வருகிறேன். நியூ ஆல்பியன் வாரத்துக்கு ஐந்து முறை காய்ச்சினால் ஏழரைப் பீப்பாய், அதாவது 232 கேலன். ஒரு வீட்டுக்குச் சட்டம் பின்னால் கொடுத்த ஒரு வருட அளவைவிட, இந்தத் 'தொழிற்சாலை'யின் ஒரு வார உற்பத்தி கொஞ்சம்தான் அதிகம்! பாட்டிலாக்கினால் சுமார் 2,480. அதற்குள் மால்ட், ஹாப்ஸ், பாட்டில், மூடி, வரி, வாடகை, இரண்டு மூன்று பேர் சாப்பாடு எல்லாம் அடங்க வேண்டும். பாட்டிலை எவ்வளவு விலைக்குத்தான் விற்பது?

சிக்கல் பீரில் இல்லை, பாத்திரத்தில் இருந்தது. ஒன்றரைப் பீப்பாய் காய்ச்ச ஒரு முழுநாள் ஆகிறது. பத்துப் பீப்பாய் காய்ச்சவும் ஏறக்குறைய அதே ஒரு நாள்தான். ஊறும் நேரம் மாறாது, கொதிக்கும் நேரம் மாறாது. தொட்டியின் நீள அகல உயரத்தை இரண்டு மடங்காக்கினால் உள்ளே பிடிப்பது எட்டு மடங்கு, தேய்த்துக் கழுவ வேண்டிய பரப்பு நான்கு மடங்குதான். சின்னத் தொட்டிக்காரன் ஒவ்வொரு லிட்டருக்கும் பெரியவனைவிட அதிகமாகக் கழுவிக்கொண்டே இருப்பான். எட்டாம் வகுப்புக் கணக்கு இது. மெக்காலிஃபுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அந்த அளவுக்குத்தான் டிரம் கிடைத்தது, அந்த அளவுக்குத்தான் காசும் இருந்தது.

பெரிதாக்கப் பணம் தேடி அலைந்தார். சின்ன பீர் ஆலை என்ற ஒன்றை எந்த வங்கிக்காரரும் கண்ணால் கண்டதில்லை. போதாததற்கு, 1981இல் அங்கே அடிப்படைக் கடன் வட்டியே 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பத்திரிகைகள் தேடிவந்து எழுதின, பீர் பிரியர்கள் தேடிவந்து குடித்தார்கள், ஆனாலும் 1982இல் கிடங்கைப் பூட்ட வேண்டியதாயிற்று.

பூட்டுவதற்கு முன் அங்கே வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவர்களில் ஒருவர் கென் கிராஸ்மேன். சைக்கிள் பழுது பார்ப்பார், சிக்கோ என்ற ஊரில் வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கான கடை வைத்திருந்தார். நியூ ஆல்பியனைப் பார்த்த கண்ணோடு, தன் ஆலைக்கு ஒன்றரை ஆகாது, பத்துப் பீப்பாயாவது வேண்டும் என்று முடிவெடுத்தார். மெக்காலிஃபைப் போலவே பழைய இரும்பைத் தேடித்தான் போனார், ஆனால் சிரப் டிரம்மைத் தொடவில்லை. மூடிப்போன பால் பண்ணைகளின் பெரிய எஃகுத் தொட்டிகளை வாங்கிவந்தார். வெல்டிங்கும் படித்துக்கொண்டார். 1980 நவம்பரில் சியரா நெவாடா தன் முதல் பீரைக் காய்ச்சியது. அதே ஐந்து நாள் வேலைக்குப் பத்துப் பீப்பாய்த் தொட்டி தருவது 16,500 பாட்டில். சியரா நெவாடா இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய பீர் ஆலைகளில் ஒன்று. அந்த நாட்டில் ஆலைகளின் எண்ணிக்கையும் இப்போது 9,000த்தைத் தாண்டிவிட்டது.

வரலாறு எழுதுகிறவர்கள் மெக்காலிஃபை 'முன்னோடி' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் உறுத்துகிறது. அவர் உறுதியாக நிரூபித்தது, எந்த அளவுத் தொட்டி வேலைக்காகாது என்பதை. அடுத்தவருக்கு அது இலவசமாகக் கிடைத்தது. ஆலையில் ஒரு சோதனை தோற்றால் அதற்கு அறிக்கை எழுதி, பெயர் போட்டு, கோப்பில் வைப்போம். நியூ ஆல்பியனுக்கு அப்படி யார் எழுதிவைத்தார்கள்?

அதன் உபகரணங்களும் ஈஸ்ட்டும் ஹாப்லேண்ட் என்ற ஊருக்குப் போயின, பார்க்லியும் கூடவே போனார். 1983இல் மெண்டோசினோ ஆலை அவற்றை வைத்துத் தொடங்கியது. காய்ச்சிய இடத்திலேயே ஊற்றிக்கொடுக்கக் கலிஃபோர்னியாச் சட்டம் அப்போதுதான் வழிவிட்டிருந்தது. நடுவில் கடைக்காரர் கமிஷன் இல்லாததால் சின்னத் தொட்டிக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. மெக்காலிஃப் பீர்த் தொழிலைவிட்டே விலகிப் பொறியாளராக வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். பெயர் கைமாறி பாஸ்டன் பீர் கம்பெனியிடம் போயிருந்தது. 2013இல் அவர்கள் அவரையே அழைத்து, அந்தப் பழைய ஏலை மறுபடி காய்ச்சி, லாபத்தை அவருக்கே கொடுத்தார்கள். கடையைப் பூட்டி முப்பது வருடம் கழித்து!

இதையெல்லாம் நண்பனிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பத்துப் பீப்பாய்னு சொல்ற" என்றான். மறுநாள் வாட்ஸ்அப்பில் கொட்டகையின் அளவு வந்தது. 12 அடிக்கு 10 அடி. வாரம் ஐந்து முறை காய்ச்சி, ஒவ்வொன்றும் இரண்டு வாரம் தொட்டியில் இருந்தால், புளிக்கவைக்க மட்டுமே பத்துத் தொட்டி வேண்டும். கணினியில் அவன் கொட்டகையை வரைந்து, தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்துப் பார்த்தேன். ஆறாவதோடு கதவு அடைத்துக்கொண்டது. அடுப்பையும் அண்டாவையும் இன்னும் வைக்கவேயில்லை. படத்தை அவனுக்கு அனுப்பினேன்.

"மீன் தொட்டிய எடுத்துட்டா?" என்று பதில் வந்தது.