கடம்பத்தூரிலிருந்து பள்ளி மேலாண்மைக் குழு வரை: சென்னை மேற்குப் புறநகரில் பெற்றோர் பங்கேற்பும் அதற்கான வழிகாட்டலும்

அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் திருவள்ளூரைத் தாண்டினால் வருகிற ஊர் கடம்பத்தூர். அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த இவ்வூரில்தான் 1958இல் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. காமராசர் முதலமைச்சர், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு. புதுப் பள்ளிகள் வேகமாகத் திறக்கப்பட்ட காலம் அது. எல்லாப் பள்ளிகளுக்கும் வேண்டியதைச் செய்ய அரசின் நிதி போதவில்லை. எனவே ஊராரிடம் கேட்டார்கள்.

மாநாட்டு மேடையைவிட அதற்கு முந்தைய வேலையே நம் ஆய்வுக்கு முக்கியம். கல்வித்துறை ஆய்வாளர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று, ஆசிரியரோடும் ஊர்ப் பெரியவர்களோடும் பேசி, தேவைகளைக் கணக்கெடுத்தார்கள். பெஞ்சு, கரும்பலகை, நிலப்படம், சீருடை, மதிய உணவுக்கான பாத்திரம் என்று பட்டியல் தயாரானது. ஒவ்வொன்றையும் ஏற்க ஆள் தேடினார்கள். குறை கண்டுபிடிக்க வருபவர் என்று ஆசிரியர்கள் அஞ்சிய அதிகாரி, ஊரையும் பள்ளியையும் பேசவைப்பவராக மாறினார். பெற்றோர் பங்கேற்புக்கான களப் பயிற்சி தமிழ்நாட்டில் இங்கே தொடங்கியது என்பது என் துணிபு.

ஆனால் ஊர் அள்ளிக் கொடுத்ததே தவிர, பள்ளி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் இடம் அதற்குக் கிடைக்கவில்லை. முன்வரிசையில் நின்றவர்கள் நிலமும் செல்வாக்கும் உள்ளவர்கள். பிள்ளைகளைப் பெற்ற கூலித் தாய்மார்கள் அல்லர். பின்னால் பரவிய பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் பெரும்பாலும் நன்கொடை, ஆண்டு விழா என்ற வட்டத்துக்குள்ளேயே நின்றன.

இதற்கிடையில் ஊரே மாறிவிட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் 1960களில் வந்தன. வயலும் ஏரியும் சூழ்ந்திருந்த கிராமங்கள் வாடகைக் குடியிருப்புகளாயின. பூந்தமல்லி சாலை நெடுகிலும் இன்று இதே நிலைதான். வீடு மாறினால் பள்ளியும் மாறுகிற குடும்பங்களிடம் "நம்ம ஊர்ப் பள்ளி" என்ற உரிமை தானாக வந்துவிடாது. கடம்பத்தூர் முறை நிலைத்த ஊரை நம்பியது. புறநகரில் அந்த அடித்தளம் கரைந்தது.

2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் கணக்கைத் திருப்பிப் போட்டது. அதன் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் மானியச் செலவைக் கண்காணிப்பதும் குழுவின் கடமைகள். சட்டம் இவ்வளவு கொடுத்தும் பல ஆண்டுகள் குழு காகிதத்தில்தான் இருந்தது. தலைமை ஆசிரியர் முன்பே எழுதிவைத்த தீர்மானத்தின் அடியில் பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். வரவு செலவுப் பக்கத்தை அவர்கள் முன் விரித்து, இந்தத் தொகை எதற்கு வந்தது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று உட்கார்ந்து சொல்லித்தர ஆளில்லை.

2022இல் "நம் பள்ளி நம் பெருமை" இயக்கத்தோடு குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. தலைமைப் பொறுப்பு தாய்மார்களுக்கு வந்தது. வெள்ளிக்கிழமைகளில் மாதக் கூட்டம் நடைமுறையானது. உறுப்பினர்களுக்குக் கருத்தாளர்களைக் கொண்டு பயிற்சி அளித்தார்கள். தொடர்ந்து பள்ளிகளுக்குச் சென்றுவரும் பொறுப்பு வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்கள் தலையில் விழுந்தது. பாடம் கற்பிப்பதில் ஆசிரியருக்குத் துணைநிற்பதே அவர்களுடைய அடிப்படை வேலை. புள்ளிவிவரம் திரட்டுவது, ஏனைய திட்டங்கள் என்று சுமை வேறு. இத்தனைக்கும் நடுவே ஒரு குழுவின் பக்கத்தில் மாதாமாதம் உட்கார அவர்களுக்கு ஏது நேரம்?

ஹார்வர்டின் கேரன் மேப் உள்ளிட்டோர் உருவாக்கி 2013இல் அமெரிக்கக் கல்வித்துறை வெளியிட்ட சட்டகம் ஒன்று இங்கே உதவும். பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாது, பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்கிறது அது. நம் பயிற்சிகளில் பெற்றோருக்கு உரிமைகளைச் சொல்கிறோம். கேள்வி கேட்கும் தாயை எப்படி எதிர்கொள்வது என்று தலைமை ஆசிரியருக்குச் சொல்லித்தருவது குறைவு. கேட்டதற்கு ஒருமுறை முகம் சுளித்தால் அந்தத் தாய் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

புறநகரில் இன்னொரு தடையும் உண்டு. வெள்ளிக்கிழமை பிற்பகல் என்பது தொழிற்பேட்டையில் ஷிப்ட் நேரம். கூட்டத்துக்கு வந்தால் அரைநாள் கூலி போகும். வடமாநிலத்திலிருந்து வந்த பெற்றோருக்கோ தமிழில் நடக்கும் கூட்டம் பாதிதான் புரியும். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் குழுவில் இடம் தரப்பட்டது. வீடு மாறிப்போகாத உள்ளூர்க்காரர் ஓரிருவர் அதன்வழி கிடைக்கலாம். கூட்ட நேரத்தை அந்தந்தப் பள்ளியே முடிவு செய்யவும், குழுக்களின் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டும் பணிக்கென்றே வட்டாரத்துக்கு ஒருவரையாவது ஒதுக்கவும் அரசு முன்வர வேண்டும். 1958இல் கடம்பத்தூரைச் சுற்றி ஆய்வாளர்கள் ஊரையும் பள்ளியையும் பேசவைக்கப் பள்ளி பள்ளியாக நடந்தார்கள்.