குளிசையும் உறக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

உறக்கம் இயற்கை மனிதனுக்கு விலையின்றி அளித்த செல்வம் என்பர். ஆயின், கடந்த ஒன்றரை நூற்றாண்டின் வரலாற்றை நோக்குவோர்க்கு அதுவும் விலைகூறி விற்கப்பட்ட பண்டங்களுள் ஒன்றாகவே தோன்றும். உறங்க இயலாதவன் குளிசையை நாடினான். குளிசையை நிறுத்த முனைந்தபோது முன்னிலும் கொடிய உறக்கமின்மை அவனைப் பற்றிக்கொண்டது. அதற்குக் காரணம் அவனுடைய பழைய நோயே என்று அவனுக்குச் சொல்லப்பட்டது. இக்கூற்று எவ்வாறு பிறந்தது, எவ்வாறு நிலைபெற்றது, எவ்வாறு தளர்ந்தது என்பவற்றை நாம் இங்கு ஆராய விழைகின்றோம். மனச்சோர்வு நீக்கும் மருந்தை நிறுத்திய பின் வரும் உறக்கமற்ற இரவுகளே நமது பொருள். எனினும் அவ்விரவுகளை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் அவசியமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொற்றாசியம் புரோமைட்டு வைத்தியத்திற்கு வந்தது. 1869 ஆம் ஆண்டில் பேர்லினைச் சேர்ந்த லீப்ரைக் என்பார் குளோரல் ஐதரேற்று உறக்கம் தரும் என எடுத்துக்காட்டினார். 1903 இல் ஜேர்மானிய அறிஞரான எமில் பிஷரும் வொன் மேரிங்கும் பார்பிற்றூரேற்று வகையின் முதல் உறக்க மருந்தை அறிவித்தனர்; அது வெரோனல் என்னும் பெயருடன் சந்தைக்கு வந்தது. ஒவ்வொரு மருந்தும் தனக்கு முந்தியதன் தீமைகள் நீங்கியதாகவே வரவேற்கப்பட்டது. ஒவ்வொன்றின் தீமையும், அதனை உண்டோர் பல்லாயிரவர் ஆன பின்னரே ஏற்றுக்கொள்ளப்பட்டது. பார்பிற்றூரேற்றை நீண்டகாலம் உண்டவர் திடீரென நிறுத்தினால் உறக்கமின்மையும் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றும் என்பதனை ஹரிஸ் இஸ்பெல்லும் அவர்தம் துணைவரும் ஐயத்திற்கிடமின்றி நிறுவியது 1950 ஆம் ஆண்டிலேயாகும். மருந்து பிறந்து ஏறக்குறைய அரைநூற்றாண்டு கழிந்திருந்தது. அச்சோதனைக்கு உடல் தந்தோர் யாவர்? ஐக்கிய அமெரிக்காவின் லெக்சிங்ரன் நகரில் தடுத்துவைக்கப்பட்டிருந்த கைதிகள்.

பின்னர் பென்சோடயசெப்பீன் இனத்தின் காலம் வந்தது. அவ்வினத்தின் முதல் மருந்து 1960 இல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டிலேயே, பெருமளவில் அதனை உண்டு நிறுத்தியோர்க்கு நேர்ந்த துன்பங்களை லியோ ஹொலிஸ்ரர் என்னும் அமெரிக்க வைத்தியர் வெளிப்படுத்தினார். ஆயினும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் அவற்றைக் கொடுத்தல் ஆகாது என்னும் அறிவுரை பிரித்தானிய வைத்தியர்களுக்கு விடுக்கப்பட்டது 1988 இலேயே. அறிவு பிறந்தது ஓர் ஆண்டில். அது நோயாளியின் வாயிலை அடைய இருபத்தேழு ஆண்டுகள் சென்றன.

இவ்விடைக்காலத்தில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி நமது கவனத்திற்குரியது. 1965 ஆம் ஆண்டில் இயன் ஒஸ்வால்ட், பிறீஸ்ற் என்னும் இருவர், உறக்கக் குளிசையை நிறுத்தியோரின் மூளை மின்னலைகளை இரவுதோறும் பதிவுசெய்தனர். கனவு நிறைந்த உறக்கப் பகுதியை மருந்து அமுக்கிவைத்திருந்தது. மருந்து நீங்கியதும் அது அணை உடைந்த வெள்ளம்போல் மீண்டது. மூளை தன் பழைய ஒழுங்கிற்குத் திரும்ப ஐந்து வாரங்கள் வரை சென்றன. நிறுத்திய முதல் வாரத்து உறக்கமின்மை மனிதனின் இயல்பன்று, மருந்து விட்டுச் சென்ற சுவடே என்பது அன்றே தெளிவாயிற்று.

இனி மனச்சோர்வு நீக்கும் மருந்துகளின் பிறப்பை நோக்குவோம். 1952 இல் நியூயோர்க்கின் ஸீவியூ வைத்தியசாலையில் கசநோயாளருக்கு ஐப்புரோனயசிட் கொடுக்கப்பட்டபோது அவர்தம் மனம் வியத்தகு வகையில் கிளர்ச்சி பெற்றது. சுவிற்சர்லாந்தின் மூன்ஸ்ரர்லிங்கன் என்னும் சிற்றூரில் பணியாற்றிய றோலண்ட் கூன், இமிப்பிரமீன் என்னும் மருந்தின் பயனை 1957 இல் உலகிற்கு அறிவித்தார். செயலற்றுக் கிடந்தோர் எழுந்து தம் தொழிலுக்குத் திரும்பினர். இது மெய்யான வெற்றி. இதனை மறுப்பது நமது நோக்கமன்று. ஆயினும் 1959 ஆம் ஆண்டிலேயே இமிப்பிரமீனை நிறுத்தியோர்க்கு உடற்றுன்பங்கள் தோன்றுவதை வைத்தியர்கள் எழுதினர். 1961 இல் அமெரிக்க உளவைத்திய ஏடொன்று அதனையே தலைப்பாகக் கொண்ட கட்டுரையை வெளியிட்டது. எனவே உண்மை மறைந்திருக்கவில்லை, கேட்பாரற்றுக் கிடந்தது.

1987 ஆம் ஆண்டின் இறுதியில் புளுவொக்செற்றீன் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. புரொசாக் என்ற வணிகப் பெயரால் அது உலகெங்கும் பரவியது. பரொக்செற்றீன், சேர்ற்றலீன், சிற்றலோப்பிராம் முதலிய இனமருந்துகள் அதனைத் தொடர்ந்தன. பிரித்தானியாவில் 1992 முதல் 1996 வரை வைத்தியர் சங்கங்கள் மனச்சோர்வை வெல்லுவோம் என்னும் இயக்கமொன்றை நடாத்தின. அதன் தொடக்கத்தில் பொதுமக்களிடம் எடுத்த கணிப்பில் நூற்றுக்கு 78 பேர் இம்மருந்துகள் ஒருவரைத் தம்பால் பிணித்துவிடும் என்றே கருதினர். மக்களின் இந்த எண்ணம் அறியாமை எனப்பட்டது. அதனைத் திருத்துதல் இயக்கத்தின் பணிகளுள் ஒன்றாயிற்று. வெரோனல் முதலாகப் பட்டறிந்த மக்களின் ஐயத்தில் நியாயம் இருந்ததென எண்ணியோர் மிகச் சிலரே.

இங்கு சொல்லொன்றின் வரலாற்றையும் நாம் கருத வேண்டும். 1996 இல் எலி லில்லி நிறுவனத்தின் பொருளுதவியுடன் அமெரிக்காவில் வல்லுநர் கூட்டமொன்று கூடியது. அதன் கட்டுரைகள் மறு ஆண்டில் வெளிவந்தன. அபின் முதலியவற்றை விடுவோர்க்கு வரும் துன்பத்தைக் குறிக்கும் பழைய சொல் கைவிடப்பட்டது. 'நிறுத்தல் அறிகுறித் தொகுதி' என்னும் மென்மையான புதுச்சொல் நிலைபெற்றது. அந்நிறுவனத்தின் புளுவொக்செற்றீன் உடலில் பல நாட்கள் தங்குவது. ஆதலால் அதனை நிறுத்தும்போது தோன்றும் துன்பம் போட்டி நிறுவனங்களின் மருந்துகளினும் குறைவு. உண்மை வெளிவர வணிகப் போட்டி துணைசெய்தது. அவ்வுண்மைக்குச் சூட்ட வேண்டிய பெயரையும் வணிகமே வகுத்துக் கொடுத்தது. சொற்கள் வர்க்க நலனுக்கு அப்பாற்பட்டவையல்ல என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுமோ?

2002 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பி.பி.சி. தொலைக்காட்சி பரொக்செற்றீனைப் பற்றிய நிகழ்ச்சியொன்றை ஒளிபரப்பியது. தம் வாழ்வில் நேர்ந்ததை மக்கள் ஆயிரக்கணக்கில் எழுதியனுப்பினர். தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற அதிர்வு, தலைசுற்று, கொடுங்கனவு, விடியும்வரை விழித்திருத்தல் ஆகியவற்றை ஒருவரையொருவர் அறியாத மனிதர் ஒரே வகையில் வருணித்தனர். மறு ஆண்டில் அம்மருந்தின் விளக்கத்தாள் திருத்தப்பட்டது. நிறுத்தும்போது துன்பம் நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 0.2 என முன்னர் காட்டப்பட்டிருந்தது; இப்போது 25 ஆயிற்று. நோயாளியின் சாட்சியம் ஆய்வுகூடத்தின் சான்றுக்குக் குறைந்ததன்று என்பதனை இந்நிகழ்ச்சி மெய்ப்பித்தது.

இத்துன்பம் ஏன் நேர்கிறது? 2019 ஆம் ஆண்டில் மார்க் ஹொறொவிற்ஸ், டேவிட் ரெயிலர் என்னும் இரு ஆய்வாளர்கள் தந்த விளக்கம் எளிமையும் நுட்பமும் உடையது. ஹொறொவிற்ஸ் தாமே இம்மருந்தை உண்டு, விட முயன்று வருந்தியவர். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் சிற்றலோப்பிராம், செரற்றோனினை மீள உறிஞ்சும் வாயில்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பதை அடைத்துவிடுகிறது. அளவை 60 ஆக உயர்த்தினும் ஏறத்தாழ எண்பத்தெட்டே அடைபடும். மறுபுறம், 5 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட அளவே அறுபதை அடைத்துவிடும். எனவே இருபதைப் பத்தாகவும் பத்தை ஐந்தாகவும் குறைப்பவர், தாம் முக்காற்பங்கு வழியைக் கடந்துவிட்டதாக எண்ணுகிறார். உண்மையில் மூளை பயணத்தின் தொடக்கத்திலேயே நிற்கிறது. அந்த இறுதி ஐந்தை ஒரேயடியாக விடுவது மாடிப்படிகளில் மெல்ல இறங்கி வந்தவர், கடைசியில் செங்குத்தான பாறையிலிருந்து வீழ்வதை ஒக்கும். ஆகவேதான் இறுதிப் படிகள் மிகச் சிறியனவாயும், இடைவெளிகள் வாரங்களாயும், சிலர்க்கு மாதங்களாயும் அமைதல் வேண்டும் என அவர்கள் வற்புறுத்தினர். இம்மருந்துகளும் கனவுறக்கத்தை அமுக்குவன. நீங்கியதும் அது பொங்கி எழுவது ஒஸ்வால்ட் கண்ட அதே காட்சியே.

இதனை மிகைப்படுத்தலும் தகாது. 2024 இல் வெளிவந்த விரிவான தொகுப்பாய்வொன்றின்படி, மருந்தை நிறுத்தியோருள் நூற்றுக்கு 31 பேர் ஏதேனும் ஓர் அறிகுறியைக் கூறினர். வெறுங்குளிசையை நிறுத்தியோருள்ளும் 17 பேர் அவ்வாறே கூறினர். கடுந்துன்பம் ஏறக்குறைய முப்பத்தைவருள் ஒருவர்க்கு. குறுகிய காலம் உண்டோரையே பல ஆய்வுகள் நோக்கின, ஆண்டுக்கணக்கில் உண்டோரின் நிலை வேறு என்ற மறுப்பும் எழுந்தது. இங்கிலாந்தில் மட்டும் 2017-18 ஆம் ஆண்டில் 73 இலட்சம் பேருக்கு இம்மருந்துகள் எழுதிக் கொடுக்கப்பட்டன என்பதை நோக்கின், முப்பத்தைவருள் ஒருவர் என்பதும் சிறு தொகையன்று. 2018 இல் பிரித்தானிய உளவைத்தியர் கல்லூரியின் தலைமை, பெரும்பாலானோர்க்கு இரண்டு வாரங்களில் துன்பம் தீரும் என்று பத்திரிகைக்கு எழுதிற்று. அடுத்த ஆண்டிலேயே அக்கல்லூரி, சிலர்க்கு அது கடுமையாகவும் நீண்டும் இருத்தல் கூடும் என ஏற்றுக்கொண்டது.

அங்ஙனமாயின் விழித்திருப்பவன் செய்யத்தக்கது யாது? இவ்வரலாறே சில பாடங்களைத் தருகின்றது. முதலாவது, மருந்தைத் தானாகத் திடீரென விடலாகாது. வைத்தியரோடு கலந்தே படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். இரண்டாவது, சில நாட்களுக்குள் மின்னதிர்வும் தலைசுற்றும் கூடிவந்த உறக்கமின்மையைப் பழைய நோயின் மீட்சியெனக் கொண்டு அஞ்சவேண்டியதில்லை. நோயின் மீட்சி பெரும்பாலும் வாரங்கள் கழித்து மெல்லத் தலைகாட்டும். விடுபடும் துன்பமோ விரைந்து வரும், மருந்தை மீண்டும் உண்டால் விரைந்து அடங்கும். தாங்கொணாதாயின் முந்திய அளவிற்குத் திரும்பி இன்னும் மெதுவாக இறங்கலாம், அது தோல்வியன்று. மூன்றாவது, ஒரு குளிசையின் இடத்தில் இன்னொரு குளிசையையோ மதுவையோ வைத்தல் பழைய வட்டத்தையே சுற்றுதலாகும். மாறாக, 1972 இல் றிச்சர்ட் பூற்சின் வகுத்த எளிய முறைகள் இன்றும் பயன்தருகின்றன. உறக்கம் வந்த பின்னரே படுக்கைக்குச் செல்லுதல், உறக்கம் வராவிடின் எழுந்து வேறிடம் அமர்தல், எந்த இரவு எவ்வாறு கழியினும் காலையில் ஒரே நேரத்தில் எழுதல், பகலில் உறங்காதிருத்தல் என்பனவே அவை. இவற்றை உள்ளடக்கிய உளப்பயிற்சியையே நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதற் சிகிச்சையாக அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016 இல் விதந்துரைத்தது. இறுதியாக, இருள் மிகுந்து உயிரை வெறுக்கும் எண்ணம் தோன்றின் ஒரு கணமும் தாமதியாது வைத்திய உதவியை நாடல் வேண்டும்.

தனிமனிதன் செய்யத்தக்கவை இவை. ஆயின் விடிய ஐந்து மணிக்குத் தொழிற்சாலை வாயிலில் நிற்கவேண்டியவனும், இரவுமுறை வேலை பார்ப்பவளும் மாதக்கணக்கில் மெல்ல இறங்குவதற்கான ஓய்வை எங்கே பெறுவர்? மிகச் சிறிய அளவுகளில் குளிசைகளையும் திரவ மருந்துகளையும் இலாபம் கருதாது ஆக்கித் தருபவர் யாவர்? இத்தகைய வினாக்களை நம் நாட்டிற்கு உணர்த்தியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான அவர், மருந்தைப் பற்றிய அறிவு விற்போர் வாயிலிருந்து மட்டும் வருதலாகாது என்பதில் உறுதியாக நின்றார். உறக்கமருந்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு அவர் கருத்திற்கு அரண்செய்கின்றது.

மருந்தைத் தொடங்கும் நாளிலேயே அதனை விடும் வழியையும் நோயாளிக்கு உரைத்தல் வைத்தியத்தின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுதல் மக்களின் உரிமை. நள்ளிரவில் தனித்து விழித்திருப்பவன் தன்னைத் தானே பழித்துக்கொள்ளாதிருக்கட்டும். அவனைப்போலவே விழித்திருந்து, கண்டதைக் கண்டவாறே கூறிய எளிய மனிதர்தாம் இவ்வரலாற்றின் போக்கை மாற்றினர்.