உப்பும் சட்டமும்

காந்தி மார்க்கெட்டில் கல்லுப்பு வாங்கும்போதெல்லாம் எனக்கு டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனின் ஞாபகம் வந்துவிடும். கடைக்காரர் அலட்சியமாக அள்ளிப் போடுகிறாரே, அந்த உப்பை ஒரு காலத்தில் கடற்கரையில் பிடியளவு அள்ளினாலே ஜெயில்!

ராஜன் 1880-ல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். பர்மாவில் வைத்தியம் பார்த்தார். லண்டனில் மேல்படிப்புப் படித்தார். அங்கே வ. வே. சு. ஐயரோடு பழகியதில் தேசபக்தியும் சேர்ந்துகொண்டது. 1930 ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை புறப்பட்டது, திருச்சியில் இவர் வீட்டிலிருந்துதான்.

1934-ல் டில்லி மத்திய சட்டசபைக்குப் போனார். 1937-ல் ராஜாஜியின் மந்திரி சபையில் சுகாதாரமும் அறநிலையமும் இவர் பொறுப்பில் வந்தன. சட்டத்தை உடைத்தவர்கள் சட்டம் செய்ய உட்கார்ந்தார்கள்.

செய்தார்களா? 1939 ஜூலையில், தீண்டாமையால் வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்கள் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள். அழைத்துச் சென்றவர்கள்மீது வழக்கு வராமல் காக்கும் சட்டம் அந்த ஆட்சியிலேயே பிறந்தது. அப்போது அறநிலைய மந்திரி, கோயிலையே ஊராகக் கொண்ட ஸ்ரீரங்கத்தில் பிறந்த ராஜன்!

1953-ல் அவர் காலமானார். பதவியைவிட அது எதற்குப் பயன்பட்டது என்பதல்லவா பெரிது? உப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடக்கும்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.