செம்மண் குன்றும் தமிழர் குடியிருப்பும்

புதிய நகரம் ஒன்றில் வந்திறங்கும் ஒருவன் முதலிற் கேட்கும் கேள்வி, எங்கே தங்குவது என்பதே. அக்கேள்விக்கு அவன் பெறும் விடையைக் கொண்டு அவனுடைய தொழில், ஊர், உறவு, பொருள்நிலை ஆகிய நான்கினையும் ஒருவாறு அறிந்து கொள்ளலாம். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் கடலையடுத்த மருவூர்ப்பாக்கம் கைவினைஞரும் சிறுவணிகரும் யவனரும் வாழ்ந்த பகுதியாகவும், உள்ளே அமைந்த பட்டினப்பாக்கம் அரசனும் பெருவணிகரும் வாழ்ந்த பகுதியாகவும் விளங்கின. கடல் கடந்து வந்தவன் கரையோரத்திற் குடியேறினான் என்பது அதனால் விளங்கும். தமிழன் தானே கடல் கடந்து சென்று அயலானாக நின்றபோது எங்கே குடியேறினான்? சிங்கப்பூர் வரலாற்றிலிருந்து இதற்கு விடை காண முயல்வோம்.

சிங்கப்பூர்த் தமிழர் என்றதும் சிராங்கூன் சாலையும் தேக்காச் சந்தையுமே எவர்க்கும் நினைவுக்கு வரும். இது முழு உண்மை அன்று. தமிழர் வாழ்ந்த பகுதிகள் பல. சிராங்கூன் சாலை அவற்றுள் ஒன்று. கடைத்தெரு நிலைத்து நின்றதனால் அதன் பெயரும் நின்றது. குடியிருப்புகள் கலைந்த இடங்களில் பெயரும் உடன் கலைந்தது. அங்ஙனம் கலைந்தவற்றுள் தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து புக்கிட் மேரா வரை நீண்டு கிடந்த தமிழர் வாழ்பகுதி குறிப்பிடத்தக்கது. நம்மவர் எழுதும் வரலாறுகளில் இதற்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கிடைப்பது அரிது.

1819இல் ராஃபிள்சு இத்தீவில் கால் வைத்தார். அதே ஆண்டில் பினாங்கிலிருந்து அவருடன் வந்தவர் நாராயண பிள்ளை. நகரம் எழுப்புவதற்கு வேண்டுவது செங்கல் என்பதை உணர்ந்த அவர், தஞ்சோங் பகார்ப் பக்கத்தில் சூளை வைத்தார். கொத்தரையும் தச்சரையும் பினாங்கிலிருந்து வரவழைத்தார். 1822இல் ஆங்கில ஆட்சியினர் நகர வரைபடம் ஒன்றினை வகுத்தனர். சீனர்க்கு ஒரு பகுதி, மலாயர்க்கும் புகிசர்க்கும் அராபியர்க்கும் தனித்தனிப் பகுதிகள், சிங்கப்பூர் ஆற்றின் மேற்புறம் 'சூலியர் கம்போங்' எனத் தென்னிந்தியர்க்கு ஒரு பகுதி என இனவாரியாகக் கோடு கிழித்தனர். வந்தவன் எங்கே குடியிருக்கலாம் என்பதை ஆட்சி முடிவு செய்த முதல் நிகழ்ச்சி இது. இறுதி நிகழ்ச்சி அன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

வரைபடம் ஒருபுறம் இருக்க, மக்கள் தொழிலைத் தொடர்ந்து சென்றனர். நகரத்தார் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி அமைத்தனர். நீண்ட கூடம் ஒன்றில் ஒவ்வொருவர்க்கும் ஒரு பெட்டி, ஒரு மேசைப் பலகை, ஒரு பாய். பகலில் வட்டிக்கடை, இரவில் படுக்கையிடம். மனைவி மக்களைச் செட்டிநாட்டில் விட்டு வந்தவர்க்கு அதற்கு மேல் இடம் வேண்டியதில்லை. அவர்கள் வழிபட்ட தெண்டாயுதபாணி கோயில் சற்றுத் தொலைவில் டேங்க் சாலையில் 1859இல் எழுந்தது. சவுத் பிரிட்ஜ் சாலையில் நாராயண பிள்ளை முன்னின்று 1827இல் அமைத்த மாரியம்மன் கோயிலும், அதனை அடுத்துச் சூலிய முசுலிம்கள் எழுப்பிய பள்ளிவாசலும், டெலோக் ஆயர் தெருவின் நாகூர்த் தர்காவும் அக்காலத் தமிழர் எங்கே நெருங்கி வாழ்ந்தனர் என்பதற்குக் கல்லும் சுண்ணமுமாக நிற்கும் சான்றுகள். சுண்ணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சிராங்கூன் சாலைப் பக்கத்துக்குத் தமிழர் இட்ட பழம்பெயர் சுண்ணாம்புக் கம்பம். கம்போங் என்னும் மலாய்ச் சொல் நம் நாவிற் கம்பம் ஆயிற்று. சுண்ணாம்புக் காளவாயும் செங்கற் சூளையும் மாட்டுப் பட்டியும் அங்கே இருந்தன. அவற்றில் உழைத்தோர் அங்கேயே தங்கினர். கடைகள் அவர்களைத் தேடி வந்தன. வீடு பார்த்து ஊர் சேர்ந்ததாக எண்ணுவது பிழை; மாடும் சூளையும் இருந்த இடத்தில் மக்கள் சேர்ந்தனர்.

இனித் தெற்கே வருவோம். 1864இல் தஞ்சோங் பகார்க் கப்பற்றுறைக் குழுமம் தோன்றியது. பின்னர் அரசு அதனைத் தன்வயப்படுத்தியது; 1913இல் துறைமுக வாரியம் அமைந்தது. கப்பலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும், நிலக்கரி சுமக்கவும், துறைப்பட்டறைகளில் உழைக்கவும் தமிழர் பெருந்தொகையினராக வந்தனர். திருநெல்வேலிச் சீமையின் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த முசுலிம் குடும்பங்கள் தஞ்சோங் பகாரில் நிலைகொண்டன. ஆடவர் தனித்து வருவதே வழக்கமாக இருந்த காலத்தில் இவர்கள் பெண்டிரோடும் பிள்ளைகளோடும் வந்தனர் என்பது சிறப்பாகக் கருதத்தக்கது. குடும்பம் வந்தால் பள்ளி வேண்டும். 1941இல் தோன்றிய சிங்கப்பூர்க் கடையநல்லூர் முசுலிம் லீக், 1946இல் உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளி நிறுவியது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரைத் துறைமுகத் தொழிலாளர் தம் பிள்ளைகளின் பள்ளிக்கு இட்டனர். தமிழாசிரியர்கள் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி இது.

துறைமுகத்துக்குப் பின்புறம் எழும் குன்றுகளே புக்கிட் மேரா. மலாய் மொழியில் புக்கிட் என்பது குன்று. மேரா என்பது சிவப்பு. மண்ணின் நிறத்தால் வந்த பெயர் என்பது வெளிப்படை. எனினும் செஜாரா மெலாயு என்னும் மலாய்ப் பழநூலின் கதையொன்றினை இக்குன்றோடு இணைத்துக் கூறுவர். கூரிய மூக்குடைய மீன்கள் கரையிற் பாய்ந்து மக்களைக் கொன்றனவாம், அரசன் செய்வதறியாது நின்றான், வாழைத் தண்டுகளைக் கரையில் நட்டால் மீன்கள் அவற்றிற் குத்தி மாட்டிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் வழி கூறினான், ஊர் பிழைத்தது. இத்துணை அறிவுடையவன் வளர்ந்தால் அரசுக்கு இடையூறு என்று அஞ்சி அவனைக் கொல்வித்தனர். அவன் குருதி படிந்த குன்று செங்குன்றாயிற்று என்பது மக்கள் வாய்வழக்கு. கதை எவ்வாறாயினும் ஆகுக. அச்செம்மண்ணும் களிமண்ணும் தமிழர்க்குச் சோறு போட்டன.

இக்குன்றுத் தொடரில் தமிழ்நாட்டுத் தொடர்பு பல இடங்களில் வெளிப்படுகிறது. டெலோக் பிளாங்காக் குன்றுக்கு 1845இல் ஃபேபர் மலை எனப் புதுப்பெயர் வந்தது. அப்பெயர்க்குரிய ஃபேபர், சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன். இன்றைய பொது மருத்துவமனை நிற்கும் இடத்தின் பழம்பெயர் சிப்பாய் லைன்ஸ். இந்தியப் படைவீரர்களின் பாசறை அங்கே இருந்தது. சென்னைக் காலாட்படையினரும் அவர்களுள் அடங்குவர். 1932இல் தஞ்சோங் பகார் இரயில் நிலையம் திறக்கப்பெற்றது. தண்டவாளம் இக்குன்றுகளின் ஓரமாகச் சென்றது. அதன் வழியே தமிழ்த் தொழிலாளரும் பரவினர். அதே ஆண்டில் இரயில்வேத் தொழிலாளர் குவீன்ஸ்வே அருகே முனீசுவரனுக்குச் சிறுகோயில் எடுத்தனர். இவற்றினும் எனக்குச் சுவையாகப் படுவது ருத்ர காளியம்மன் கோயிலின் வரலாறு. அலெக்சாந்திரா செங்கல் தொழிற்சாலை பாசிர் பாஞ்சாங் சாலையில் இயங்கியது. அங்கே வேலை செய்த தமிழர் வழிபடுவதற்காக 1913 அளவில் தொழிற்சாலை வளாகத்திலேயே சிறிய கோயில் ஒன்று தோன்றிற்று. சூளைக்கு அருகே வீடு, வீட்டுக்கு அருகே காளி என அமைந்த வாழ்க்கை அது. தொழிற்சாலை மறைந்தது, அம்மன் இடம் மாறினாள், 1983இல் புக்கிட் மேரா வட்டாரத்து டிப்போ சாலையில் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

இங்கெல்லாம் தமிழன் தானே விரும்பி இடம் தேர்ந்தான் என்று சொல்ல மனம் வரவில்லை. துறைமுக வாரியம், இரயில்வே, நகராட்சி, செங்கல் தொழிற்சாலை என வேலை கொடுத்தவர் எவரோ அவரே குடியிருப்பும் கொடுத்தனர். வரிசை வீட்டில் ஓர் அறை, பொதுக் குழாய், பொதுச் சமையற்கட்டு. வேலை போனால் வீடும் போகும். வாடகை இல்லை என்று மகிழ்ந்தவன், அவ்வீட்டின் திறவுகோல் முதலாளியின் கையில் இருந்ததை வேலைநிறுத்தக் காலத்தில்தான் உணர்ந்தான். ஆனால் ஒன்றையும் மறைத்தற்கில்லை. அவ்வரிசை வீடுகளில் அடுத்த அறையிலும் தமிழே ஒலித்தது. குழந்தை தெருவில் விளையாடியே தமிழ் கற்றது. வறுமைக் குடியிருப்பு மொழிக்கு வளமான குடியிருப்பாக இருந்தது. இந்த முரண்பாட்டை நம்மில் எவரும் இன்னும் சரியாக எடையிட்டுப் பார்க்கவில்லை.

மாற்றம் நெருப்பு வடிவில் வந்தது. 1961 மே 25ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையன்று, புக்கிட் ஹோ சுவீக் குடிசைப் பகுதி எரிந்தது. நால்வர் மாண்டனர்; ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் சீனர். 1960 பிப்ரவரியில் தோன்றியிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஓராண்டிற்குள் அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுப்பத் தொடங்கிற்று. அவ்விரைவு தந்த துணிவில் 1970களில் புக்கிட் மேரா, டெலோக் பிளாங்கா, ஹெண்டர்சன் சாலை எங்கும் குன்றுகள் செதுக்கப்பெற்று மாடிகள் எழுந்தன. 1964இல் வீட்டுரிமைத் திட்டமும், 1968இல் மத்திய சேமநிதியைக் கொண்டு வீடு வாங்கும் வழியும் வந்தன. வரிசை வீட்டுத் தொழிலாளியின் கையில் முதன்முறையாகத் தன் திறவுகோல் வந்தது. மின்விளக்கு, தனிக் குழாய், தனிக் கழிப்பறை ஆகியவற்றின் அருமை, அவை இல்லாமல் வளர்ந்தவர்க்கே தெரியும்.

ஆயினும் வீடு ஒதுக்கும் முறை அண்டை வீட்டாரைச் சேர்த்து ஒதுக்கவில்லை. ஒரே வரிசையில் வாழ்ந்த பத்துக் குடும்பங்கள் பத்துப் பேட்டைகளுக்குச் சென்றன. வடக்கே செம்பவாங் கடற்படைத் தளத்தில் நெருங்கி வாழ்ந்த தமிழரும் மலையாளிகளும், 1971இல் பிரிட்டிஷ் படை விலகிய பின்னர், ஈசூன், உட்லண்ட்ஸ் எனப் பிரிந்தனர். பள்ளிகளுக்கு வேண்டிய பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமற் போயினர். ஆங்கிலக் கல்வியின் ஈர்ப்பும் சேர்ந்துகொண்டது. எஞ்சி நின்ற ஒரே தமிழ்ப் பள்ளியாகிய உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பெற்றது. அடுத்த ஆண்டு அப்பெயர் தமிழ்மொழி நிலையம் ஒன்றுக்குச் சூட்டப்பெற்றது. தம் பள்ளியில் தமிழ் இல்லாத மாணவர் வேறிடம் சென்று தமிழ் கற்பதற்கான ஏற்பாடு அது. பள்ளிப் பையனின் வீடு எங்கே இருக்கிறது என்பது, அவன் தமிழ் படிப்பானா என்பதைப் பாதிக்கும் காலம் வந்துவிட்டது.

1989 மார்ச்சு முதல் நாள் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் தமிழரான தனபாலன். ஒவ்வோர் இனமும் ஒரு பேட்டையிலும் ஒரு புளோக்கிலும் இத்துணை விழுக்காடே இருக்கலாம் என வரம்பு விதித்தனர். இந்தியரும் பிறரும் பேட்டையில் 10, புளோக்கில் 13 விழுக்காடு. 2010இல் இவை 12, 15 என உயர்த்தப்பெற்றன. வரம்பு நிரம்பிய புளோக்கில், இந்தியர் ஒருவர் மற்றோர் இந்தியரிடமிருந்து மட்டுமே வீடு வாங்கலாம். சீனர் வரம்பு நிரம்பிய இடத்தில் தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. வாங்குவோர் சிறு கூட்டமாகிவிடுவதால் விலையும் குறையலாம். இக்குறை நெடுநாள் பேசப்பெற்றது. விற்கவியலாது தவிப்போரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் வழி 2022இல் திறக்கப்பெற்றது.

1822ஆம் ஆண்டின் கோடு இனங்களைப் பிரித்து வைத்தது. 1989ஆம் ஆண்டின் வரம்பு கலந்து வைத்தது. 1964இல் இனக்கலவரம் கண்ட நாட்டில் பின்னதன் நோக்கத்தைக் குறை கூறுவது எளிதன்று, நானும் கூறவில்லை. சீனப் பாட்டியும் மலாய்ச் சிறுமியும் தமிழ்க் குடும்பமும் ஒரே மின்தூக்கியில் ஏறியிறங்கும் வாழ்க்கை சிறிய பேறன்று. ஆனால் அதற்குரிய விலையில் ஒரு பகுதியைத் தமிழ்மொழி கொடுத்தது. வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010இல் மக்கள்தொகையில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. குடியிருப்பு ஒன்றே இதற்குக் காரணம் என்பது மிகை. அதற்குப் பங்கே இல்லை என்பதும் பிழை.

இன்று தமிழ்நாட்டிலிருந்து கட்டடத் தொழிலுக்கு வருவோர்க்கு இக்கேள்வியே எழுவதில்லை. அவர்கள் தங்குவதற்கு விடுதிகள் உள்ளன; 2020இன் கொள்ளைநோய்க் காலத்தில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் அவ்விடுதிகளில் அடைபட்டிருந்தனர். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் திரளும் கூட்டத்தைக் கண்டு, இங்கேதான் தமிழர் வாழ்கின்றனர் என்று பயணிகள் எழுதிச் செல்கின்றனர். அக்கூட்டத்தில் மிகப் பெரும்பாலோர் அன்றிரவே வேறிடம் திரும்புவோர் என்பதை அவர்கள் அறியார்.

டிப்போ சாலைக் காளியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் வருவோரும் அத்தகையரே. டெலோக் பிளாங்காவிலிருந்து நடந்து வருவோர் சிலர். ஏனையோர் தீவின் பல மூலைகளிலிருந்து பேருந்திலும் இரயிலிலும் வருகின்றனர். சூளையில் வெந்த செங்கல்லைப் போல அவர்களுடைய பாட்டன்மாரும் ஒரே இடத்தில் அடுக்கி வைக்கப்பெற்றிருந்தனர். பேரப்பிள்ளைகள் தத்தம் பேட்டைக்குத் திரும்புமுன், கோயில் வாயிலில் செருப்பு மாட்டிக்கொண்டே சிறிது நேரம் தமிழிற் பேசிக்கொண்டிருக்கின்றனர்.